ஆன்லைனில் பாடம் எடுக்கப் பழக: அனுபவசாலியிடம் கேட்பதா, அவர் வகுப்பில் உட்காருவதா, நம் வகுப்பைக் காட்டுவதா?

ஆன்லைனில் பாடம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பல வருஷமா ஆன்லைன்ல எடுக்கிற ஒருத்தரைத் தெரியும். உதவி பண்றேன்னும் சொல்லியிருக்காங்க. அவங்ககிட்ட எப்படிக் கத்துக்கிறது? பேசினா போதுமா, இல்ல அவங்க கிளாஸ்ல உட்கார்ந்து பார்க்கணுமா?"

நியாயமான குழப்பம்தான். பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். செலவில்லை, கூச்சமில்லை, நோட்டு நிறைய குறிப்பும் கிடைக்கும். பேசுவதில் தப்பே இல்லை. ஆனால் பலருக்கு அது அவர்களுடைய சிக்கலுக்குப் பொருந்தாத வழி. சில விஷயங்களைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். சிலது பார்த்தால்தான் பிடிபடும். இன்னும் சிலது, நாம் செய்வதை வேறொருவர் பார்த்துச் சொன்னால்தான் நமக்கே தெரியவரும். உங்கள் சிக்கல் இதில் எந்த வகை என்று பார்த்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

## எதை வைத்து எடை போடுவது

எந்த வேலையில் தடுமாற்றம்? ஆன்லைன் ஆசிரியர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன. பாடத்தைப் பிரித்து அடுக்குவது ஒன்று: எது நேரலை, எது வீடியோ, எது அவர்களே படிக்க வேண்டியது. நேரலை வகுப்பை ஓட்டுவது இன்னொன்று. வகுப்புக்கு வெளியே எழுத்தில் நடப்பது மூன்றாவது: அறிவிப்பு, அசைன்மென்ட் திருத்தம், பாதியில் காணாமல் போகும் மாணவரைத் தேடிப் பிடிப்பது. இந்த மூன்றையும் ஒரே வழியில் கற்க முடியாது.

வாயால் சொல்லிவிடக்கூடிய விஷயமா? "வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்?" என்பதற்குப் பதில் சொல்லிவிடலாம். "யாரும் பேசாதபோது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்க முடியாது.

கையில் எத்தனை நாள் இருக்கிறது? அடுத்த வாரம் வகுப்பு என்றால் சில வழிகள் தாமாகவே விலகிவிடும்.

அவருடைய நேரம். உங்கள் நேரத்தைப் பற்றி நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். அவருடைய நேரம் எவ்வளவு போகிறது என்பதைத்தான் பலரும் நினைப்பதில்லை.

உங்கள் வகுப்புக்கு ஒட்டுமா? முந்நூறு பேருக்கு விரிவுரை நடத்துபவரின் பழக்கங்கள் எட்டுப் பேருக்கு மொழி கற்றுத்தருபவருக்கு உதவாது. சில சமயம் கெடுதலாகவும் முடியும்.

## அதற்கும் முன்னால்: யார் அனுபவசாலி?

2020இல் உலகம் முழுக்க ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் கேமரா முன்னால் உட்கார வேண்டி வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் சார்லஸ் ஹாட்ஜஸ் என்ற கல்வி ஆய்வாளரும் உடன் எழுதியவர்களும் ஒரு கட்டுரையில் இதை ஆன்லைன் கல்வி என்று சொல்லக் கூடாது, இது அவசரகாலத் தொலைநிலைப் பாடம் என்று பிரித்துக் காட்டினார்கள். முழுமையான ஆன்லைன் பல்கலைக்கழகப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டுத் தயாரிக்க வழக்கமாக 6 முதல் 9 மாதம் ஆகும் என்றும், ஆசிரியருக்கு அது கைவருவது இரண்டாவது அல்லது மூன்றாவது தடவை நடத்தும்போதுதான் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே "எத்தனை வருஷமா எடுக்கறீங்க?" என்று கேட்பதைவிட "ஒரே பாடத்தை ஆன்லைனில் எத்தனை தடவை திருப்பி நடத்தியிருக்கீங்க? தடவைக்குத் தடவை என்ன மாத்தினீங்க?" என்று கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். மாற்றியதை மடமடவென்று சொல்பவரிடம் கற்க நிறைய இருக்கும். "எப்பவும் போலத்தான்" என்பவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு வழிகாட்டியாக அமைவது சந்தேகம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் தனியாக நடத்துகிறாரா, பின்னால் ஆள் இருக்கிறதா? சாட்டைப் பார்க்க ஒருவர், தொழில்நுட்பத்துக்கு ஒருவர், வீடியோ எடிட் செய்ய ஒருவர் என்று இருந்தால் அவருடைய வகுப்பு வழுக்கிக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். தனியாளாக நிற்கப்போகும் உங்களுக்கு அந்த வேகம் வராது. வராததற்கு உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம்.

## வழி 1: உட்கார்ந்து பேசுவது

பாடத்தை அடுக்கும் வேலைக்கு இதுதான் சிறந்த வழி. இதில் முடிவுகள் எல்லாம் முன்கூட்டியே, நிதானமாக எடுக்கப்படுபவை. அதனால் அவற்றைச் சொல்லவும் முடியும். வாரத்துக்கு எத்தனை நேரலை வகுப்பு, எதைப் பதிவு செய்து கொடுப்பது, அசைன்மென்டுக்குக் கடைசித் தேதியை எந்தக் கிழமையில் வைப்பது, தாமதமாக வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரு மணி நேரப் பேச்சில் வாங்கிவிடலாம்.

உதாரணத்துக்கு வீடியோ நீளம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2014இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் தெரியும்: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் தாக்குப்பிடித்த இடைநிலை நேரம் (பாதி அமர்வுகள் அதற்குள்ளேயே முடிந்துவிடும் என்ற கணக்கு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இது எங்கே படித்தாலும் கிடைக்கும். "சரி, 50 நிமிஷப் பாடத்தை எந்த இடத்தில் வெட்டுவது?" என்பதற்கு ஆய்வில் பதில் இல்லை, அதே பாடத்தை ஏற்கெனவே வெட்டிப் பார்த்தவரிடம் இருக்கிறது. இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நேரலை வகுப்பை ஓட்டும் திறமைக்கு இந்த வழி பலவீனமானது. கைதேர்ந்தவர்களுக்குத் தாங்கள் செய்வதில் பாதி, செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடக்கிறது. "டிப்ஸ் சொல்லுங்க" என்றால் "மாணவர்களோட ஒரு கனெக்ஷன் வரணும்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அவ்வளவுதான் வார்த்தையாக வருகிறது.

கேள்வியைத் திருப்பிப் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். கேரி கிளைன் என்ற உளவியலாளர் 1980களில் தீயணைப்புத் தலைவர்களைப் பேட்டி கண்டபோது, "எப்படி முடிவெடுக்கிறீர்கள்?" என்பதற்கு அவர்கள் தாங்கள் முடிவு என்று எதையும் எடுப்பதில்லை என்றே சொன்னார்கள். நடந்த ஒரு தீ விபத்தை எடுத்துக்கொண்டு, முதலில் எதைப் பார்த்தீர்கள், அப்புறம் என்ன, வேறென்ன செய்திருக்கலாம் என்று படிப்படியாகப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆன்லைன் ஆசிரியரிடமும் இப்படித்தான் கேட்க வேண்டும்:

- "சமீபத்தில் வகுப்பு நடுவில் தொய்ந்து போனது எப்போ? தொய்யுதுன்னு உங்களுக்கு எதை வச்சுத் தெரிஞ்சது?"
- "அந்த நிமிஷம் என்ன பண்ணீங்க? அடுத்த வகுப்பில் எதை மாத்தினீங்க?"
- "முதல் தடவை பண்ணி, இப்போ விட்டுட்ட விஷயம் எது?"

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பல சமயம் அந்த ஒரு மணி நேரத்திலேயே உருப்படியானது.

கண்ணில் படாத செலவு: ஒருவருடைய பழக்கம் விதியாக மாறிவிடும் ஆபத்து. "கேமரா ஆன் பண்ணச் சொல்லியே ஆகணும்" என்பார் ஒருவர், "சொல்லவே கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டும் அவரவர் மாணவர்களை வைத்துச் சொல்வது. காரணம் கேட்காமல் குறிப்பெடுத்தால் முரண்பட்ட கட்டளைகள் மட்டுமே கையில் இருக்கும்.

## வழி 2: அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது

நேரலை வகுப்புத்தான் பயம் என்றால் இந்த வழி. பேச்சில் கேட்டால் சாதாரணமாகத் தோன்றுவது, பார்க்கும்போது எப்படி வேறாகத் தெரியும் என்பதற்கு ஒரு காட்சி.

ஆன்லைனில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மௌனம்தான் பதில். அனுபவமுள்ளவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். "இந்தக் கணக்கில் அடுத்த படி என்னன்னு சாட்ல டைப் பண்ணுங்க. ஆனா அனுப்பாதீங்க, நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணா அனுப்பலாம்" என்பார். அப்புறம் பேசாமல் இருப்பார். பத்து விநாடி, இருபது விநாடி. தண்ணீர் ஒரு வாய் குடிப்பார். "சரி, அனுப்புங்க." விடைகள் மளமளவென்று விழும். முதலில் அனுப்பியவரைப் பார்த்து மற்றவர்கள் மாற்றி எழுத வழியில்லை. அதில் தப்பான விடை இரண்டைப் பெயர் சொல்லாமல் வாசித்து, "இப்படி எழுதினவங்க எங்கே திரும்பினாங்கன்னு பார்ப்போம்" என்று தொடர்வார்.

இந்த உத்தியை ஒரு வரியில் சொல்லிவிடலாம், இப்போது நானும் சொல்லிவிட்டேன். சொன்னதில் வராமல் போவது அந்த இருபது விநாடிதான். புதியவரால் அந்த அமைதியைத் தாங்க முடியாது. ஐந்தாவது விநாடியில் தானே விடையைச் சொல்லிவிடுவார். வகுப்பறையில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் யோசித்துச் சொன்னதாகவும் மாறுகின்றன என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே காட்டினார். நேரில் உட்கார்ந்த வகுப்புக்கே அந்தக் கணக்கு. ஆன்லைனில் இணையத் தாமதம், மைக்கைத் திறக்கும் நேரம், டைப் பண்ணும் நேரம் எல்லாம் கூடும். இன்னொருவர் அதைப் பதற்றமில்லாமல் கடப்பதைப் பார்த்த பிறகுதான் நமக்கும் தைரியம் வருகிறது.

பார்ப்பதிலும் தரம் உண்டு. மாணவர் பக்கத்துத் திரையை மட்டும் பார்த்தால் கால்வாசிதான் தெரியும். முடிந்தால் வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அவருடைய திரை எப்படி அமைந்திருந்தது என்று காட்டச் சொல்லுங்கள்: எந்த ஜன்னல் எங்கே இருந்தது, சாட் பெட்டியை எங்கே வைத்திருந்தார், பக்கத்தில் காகிதத்தில் என்ன எழுதி வைத்திருந்தார். வகுப்பு நடக்கும்போது நீங்கள் குறிக்க வேண்டியதும் பாடத்தை அல்ல. எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை மாணவர்களை ஏதாவது செய்ய வைக்கிறார், எந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஏதாவது வேலை செய்யாமல் போனால் என்ன பேசிக்கொண்டே அதைச் சரிசெய்கிறார் என்று நேரத்தோடு எழுதுங்கள்.

ரெக்கார்டிங் பார்த்தால் போதாதா? ஓரளவு போதும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் ரெக்கார்டிங்கில் பெரும்பாலும் சாட் தனியாகப் போய்விடும், குழுக்களாகப் பிரித்த பகுதி பதிவாகியிருக்காது. யாராக இருந்தாலும் நன்றாக நடந்த வகுப்பாகப் பொறுக்கித்தான் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது சுமாராக நடந்த வகுப்பு.

கண்ணில் படாத செலவு: மாணவர்களின் சம்மதம். புதிதாக ஒரு பெயர் திரையில் தெரிந்தால் சிறிய வகுப்பில் பேச்சு உடனே குறையும். ஆசிரியர் முன்கூட்டியே அறிமுகப்படுத்த வேண்டும், நிறுவனத்தின் அனுமதி தேவையா என்று கேட்க வேண்டும், சிறுவர் வகுப்பாக இருந்தால் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும். இந்த வேலை எல்லாம் அவர் தலையில் விழுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

## வழி 3: உங்கள் வகுப்பை அவருக்குக் காட்டுவது

எல்லோரும் தள்ளிப்போடும் வழி இது. கூச்சம்தான் காரணம். ஆனால் ஏற்கெனவே வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, ஒரு மணி நேரச் செலவில் இதைப்போல் பலன் தரும் வழி வேறில்லை என்பது என் கருத்து. நமக்கே தெரியாத பழக்கம் எதையும் நாமாகப் போய்க் கேட்க முடியாதே.

பார்ப்பவர் எழுதி அனுப்பும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*12:40 — ஸ்லைடிலிருந்து வீடியோவுக்கு மாறுகிறீர்கள். "ஒரு நிமிஷம்... வருதா... இப்ப தெரியுதா?" என்று அரை நிமிடத்துக்கு மேல் போகிறது. மாறுவதற்கு முன்பே ஒரு கேள்வி கொடுத்துவிடுங்கள், அவர்கள் யோசிக்கட்டும்.*

*21:05 — சாட்டில் ஒரு மாணவி கேள்வி கேட்டிருக்கிறார். வகுப்பு முடியும்வரை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.*

இரண்டாவது குறிப்பைப் பாருங்கள். முழுத் திரையையும் பகிர்ந்திருந்ததால் சாட் பெட்டி ஆசிரியருக்குத் தெரியவில்லை. வகுப்பு நன்றாகத்தான் போனது என்று அவர் நினைத்திருப்பார். யாரிடம் ஆலோசனை கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது, ஏனென்றால் அவருக்கு அது பிரச்சினையாகவே தெரியாது. தீர்வு எளிது: பழைய போன் ஒன்றில் மாணவராக அதே வகுப்பில் சேர்ந்து, ஒலியை அணைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. மாணவர் என்ன பார்க்கிறார் என்பதும் தெரியும், சாட்டும் தெரியும்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முழு வகுப்பின் ரெக்கார்டிங்கை அனுப்பி "எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றால் "நல்லா இருந்தது, கொஞ்சம் வேகமா போறீங்க" என்றுதான் பதில் வரும். பதினைந்து நிமிடத் துண்டை மட்டும் வெட்டி, "நான் கேள்வி கேட்கிற இடங்களை மட்டும் பாருங்க" என்று குறுக்கிக் கேட்டால் குறுக்கியபடியே கூர்மையான பதில் வரும். அனுப்புவதற்கு முன் அந்தத் துண்டை நீங்களே ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்லப்போவதில் பாதி அப்போதே உங்கள் கண்ணில் பட்டுவிடும், அவருடைய நேரம் மீதிப் பாதிக்குப் பயன்படும்.

எழுத்து வேலைக்கும் இதே வழிதான். திருத்திய அசைன்மென்ட் மூன்றைப் பெயரை மறைத்து அனுப்பி, "இந்தக் குறிப்பைப் படித்தால் மாணவருக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரியுமா?" என்று கேளுங்கள். நேரில் சிரித்துக்கொண்டே சொல்லும் "இது போதாது" என்பதை எழுத்தில் படிக்கும்போது எப்படி விழுகிறது என்று எழுதியவருக்குத் தெரிவதில்லை.

கண்ணில் படாத செலவு: மனம். வகுப்பே எடுக்காதவர் இதில் இறங்கினால் திருத்தங்களின் பட்டியலைப் பார்த்தே சோர்ந்துவிடுவார். இரண்டு மூன்று வகுப்பாவது எடுத்த பிறகு வருவது நல்லது. ரெக்கார்டிங்கில் மாணவர் முகமோ குரலோ இருந்தால் வெளியே அனுப்ப அவர்கள் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் உங்கள் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பலாம், இல்லையென்றால் அவரையே மாணவராக வைத்து ஒரு மாதிரி வகுப்பு எடுக்கலாம். இன்னொன்று, பார்ப்பவர் உங்கள் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. சம்பளத்தையும் பதவி உயர்வையும் முடிவு செய்பவர் முன்னால் யாரும் தன் மோசமான வகுப்பைக் காட்ட மாட்டார்கள்.

## வழி 4: அவருக்கு உதவியாளராகச் சேர்ந்துகொள்வது

லைபீரியாவில் தையற்காரர்கள் தொழில் பழகும் விதத்தை மானிடவியலாளர் ஜீன் லேவ் ஆராய்ந்தார். அங்கே புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் துணி வெட்டும் வேலையைத் தருவதில்லை. பித்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று கடைசி வேலைகளில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, கடைசியில்தான் வெட்டுவதற்கு வருகிறார்கள். துணி வீணாகாது, முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பதும் முதல் நாளே தெரிந்திருக்கும். இதையெல்லாம் சேர்த்து லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் ஒரு கற்றல் கோட்பாடாகவே எழுதினார்கள்.

ஆன்லைன் வகுப்பில் பித்தான் வைக்கும் வேலைக்குச் சமம் சாட்டைக் கவனிப்பது. சில வாரம் அதைச் செய்தாலே மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று முகம் பார்க்காமலே புரியத் தொடங்கும். அப்புறம் சிறு குழுக்களில் ஒன்றை நடத்துவது, பிறகு பத்து நிமிடப் பகுதி ஒன்றை எடுப்பது, கடைசியில் முழு வகுப்பு. முந்தைய மூன்று வழிகளில் கிடைப்பது எல்லாம் இதில் தானாகக் கிடைக்கும். பேச்சு உண்டு, பார்ப்பது உண்டு, அவர் பார்ப்பதும் உண்டு.

குறை நேரம்தான். ஒரு பாடம் முழுவதும் கூடவே இருக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். உதவியாளர் என்ற பெயரில் இலவச வேலைக்காரராக மாறிவிடும் அபாயமும் இருக்கிறது. எத்தனையாவது வாரம் எனக்கு ஒரு பகுதியைக் கொடுப்பீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் கடைசி வாரம் வரைக்கும் சாட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

## குழுவும் பயிற்சிப் படிப்பும்

இந்த இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைன் ஆசிரியர்கள் கூடும் குழுக்கள் அவசரக் கேள்விக்கு நல்லவை: "குழுக்களாகப் பிரிக்கும்போது ஒருவர் மட்டும் வெளியே தள்ளப்படுகிறார், ஏன்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். ஆனால் அங்கே பேசப்படுவது பெரும்பாலும் கருவிகளைப் பற்றித்தான். எந்த மைக், எந்த ஆப் என்று ஒரு மாலையே போய்விடும். உங்களைப்போலவே புதியவர்கள் மட்டும் கூடிய குழு என்றால் ஆறுதல் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது.

பயிற்சிப் படிப்பு, தேடியும் ஆள் கிடைக்காதவர்களுக்கும் சான்றிதழ் தேவைப்படுகிறவர்களுக்கும். ஒழுங்கான சட்டகம் ஒன்றைத் தருவது அதன் பலம். கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் முன்வைத்த விசாரணைச் சமூகம் என்ற சட்டகம் (மாணவர்களுக்குள் உறவு, சிந்தனை, ஆசிரியரின் இருப்பு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஆன்லைன் கற்றல் நடக்கும் என்பது) இப்படிப் படிப்புகளில்தான் அறிமுகமாகும். அது தெரிந்திருந்தால் அனுபவசாலியிடம் கேட்கும் கேள்வியும் கூர்மையாகும். ஒன்றை மட்டும் கவனித்துச் சேருங்கள்: படிப்பு எதை மதிப்பிடுகிறது? குவாலிட்டி மேட்டர்ஸ் என்ற அமைப்பின் மதிப்பீட்டுப் பட்டியல் பலராலும் பயன்படுத்தப்படுகிறது. 8 பொதுத் தரங்கள், சக ஆசிரியர்களே மதிப்பிடுவார்கள். ஆனால் அது பாடத்தின் அமைப்பை மட்டுமே பார்க்கிறது, நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. அதில் தேறிய பாடத்தையும் தூங்க வைக்கிற மாதிரி நடத்த முடியும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு நல்லது | அவருடைய நேரம் | பலன் தெரிய | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| பேசுவது | பாடத் திட்டம், விதிமுறைகள் | சுமார் 1 மணி | உடனே | நேரலை வகுப்புத்தான் பயம் என்றால் |
| அவர் வகுப்பைப் பார்ப்பது | நேரலை நடத்தும் விதம் | குறைவு, ஆனால் அனுமதி வேலை உண்டு | சில நாள் | வகுப்பு அளவும் பாடமும் முற்றிலும் வேறு என்றால் |
| நம் வகுப்பைக் காட்டுவது | தெரியாத பழக்கங்கள், திருத்தும் முறை | 15 நிமிடத் துண்டுக்கு 1 மணி வரை | அடுத்த வகுப்பிலேயே | இன்னும் ஒரு வகுப்பும் எடுக்காதபோது, அவர் மேலதிகாரி என்றால் |
| உதவியாளராகச் சேர்வது | எல்லாவற்றுக்கும் | தொடக்கத்தில் அதிகம், பிறகு அவருக்கே லாபம் | மாதங்கள் | அவசரம் என்றால் |
| குழு | கருவிச் சிக்கல்கள் | இல்லை | உடனே | பாடம் நடத்தும் முறை பற்றிய கேள்விக்கு |
| பயிற்சிப் படிப்பு | சட்டகம், சான்றிதழ் | இல்லை | வாரங்கள் | கேட்க ஆள் இருக்கும்போது முதல் வேலையாக |

## யாருக்கு எது

அடுத்த வாரமே முதல் வகுப்பு: அவர் வகுப்பு ஒன்றைப் பாருங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் திரை அமைப்பைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பாடத் திட்டம் சரியில்லாவிட்டால் மூன்றாவது வாரம்கூடத் திருத்திக்கொள்ளலாம். முதல் வகுப்பில் வந்த பதற்றம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இரண்டு மூன்று மாதம் அவகாசம்: பேச்சில் தொடங்குங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கான திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு பொதுவாக அலையாது. அதன்பிறகு பார்ப்பது.

நேரில் பல வருடம் பாடம் எடுத்தவர்: வழி 3. பேச்சும் பயிற்சியும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். நேரில் உங்களைக் காப்பாற்றிய பழக்கங்கள் சில, உதாரணத்துக்கு முகங்களைப் பார்த்து வேகத்தை மாற்றுவது, ஆன்லைனில் எடுபடாது. எடுபடவில்லை என்பது உங்களுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்குத்தான் முதலில் தெரியும்.

எல்லாம் பதிவு செய்த வீடியோ, நேரலையே இல்லை: பேச்சும் காட்டுவதும் போதும். முதல் வீடியோவை முடித்ததும் காட்டுங்கள். இருபது வீடியோ எடுத்து முடித்துவிட்டுக் காட்டினால் யாருக்கும் திருத்தச் சொல்ல மனம் வராது, உங்களுக்கும் திருத்த மனம் வராது.

பணம் கொடுத்து ஆலோசனை பெறலாமா என்று யோசிப்பவர்: வழி 3க்குக் கொடுங்கள். பேச்சுக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அது பெரும்பாலும் நட்பிலேயே கிடைக்கும். நம் வகுப்பை உட்கார்ந்து நேரம் குறித்துப் பார்ப்பது வேலை, வேலைக்குக் கூலி கொடுப்பதுதான் முறை. கூலி வாங்குபவர் சங்கடமான உண்மையையும் கொஞ்சம் தயக்கமில்லாமல் சொல்வார்.

கேட்கத் தயங்குபவர்: பெரும்பாலும் மறுப்பு வருவதற்குக் காரணம், கேட்டது எவ்வளவு பெரியது என்று அவருக்குப் புரியாததுதான். "உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று அனுப்பினால் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் பதில் போடாமலே விட்டுவிடுவார். அளவைச் சொல்லிக் கேளுங்கள்:

*"வணக்கம் மேடம். அடுத்த மாதம் முதல் ஆன்லைனில் 12 பேருக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன். உங்கள் வகுப்பு ஒன்றில் 40 நிமிடம் உட்கார்ந்து பார்க்க முடியுமா? மைக், கேமரா இரண்டையும் அணைத்திருப்பேன், எதையும் பதிவு செய்ய மாட்டேன். மாணவர்களிடம் நீங்கள் கேட்டுவிட்டுச் சொன்னால் போதும். முடிந்தால் வகுப்புக்குப் பிறகு 10 நிமிடம் பேசலாம், முடியாவிட்டாலும் பரவாயில்லை."*

இதற்கும் பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "உங்கள் முதல் வாரத் திட்டத்தை மட்டும் அனுப்ப முடியுமா?" அதை அனுப்புகிறவர்களில் சிலர், கூடவே வகுப்புக்கான லிங்க்கையும் சேர்த்தே அனுப்பிவிடுவார்கள்.